ஏழாம் வகுப்பில் ஒவ்வொரு பிள்ளையின் வாசிப்பு நிலையையும் எப்படித் தெரிந்துகொள்வது?

கேள்வி (11 ஜூன் 2025)

நடுநிலைப் பள்ளியில் 6, 7, 8 வகுப்புகளுக்குத் தமிழ் எடுக்கிறேன். ஏழாம் வகுப்பில் மட்டும் 34 பேர். பாதிப் பேருக்கு வாசிப்பே வரவில்லை என்று மற்ற ஆசிரியர்கள் சொல்கிறார்கள். ஒவ்வொருவராக உட்காரவைத்துப் பார்க்க நேரம் இல்லை. ஒரே நாளில் எழுத்துத் தேர்வு வைத்து, மதிப்பெண்படி மூன்று குழுவாகப் பிரித்துவிட்டால் போதாதா சார்?

13 ஜூன் 2025

போதாது டீச்சர். தேர்வில் 60க்கு 18 வாங்கிய மூன்று பிள்ளைகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருத்தி எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பாள். ஒற்றெழுத்து நடுவில் வந்தால் அங்கேயே நின்றுவிடுவாள். இன்னொருவன் மடமடவென்று வாசிப்பான். என்ன வாசித்தாய் என்று கேட்டால் முழிப்பான். மூன்றாவது பிள்ளை நன்றாக வாசிக்கும், புரிந்தும்கொள்ளும், எழுதத்தான் வராது. மூன்று பேருக்கும் ஒரே மதிப்பெண். மூன்று பேரையும் ஒரே குழுவில் போட்டு எழுத்து அட்டை கொடுத்தால் முதல் பிள்ளைக்கு மட்டும்தான் பயன். மற்ற இருவருக்கும் அந்த ஆண்டு வீண்.

இதைவிடக் கவலைப்பட வேண்டிய இன்னொரு வகை உண்டு. 45 மதிப்பெண் வாங்கும் பிள்ளை. வினா விடைகளை அப்படியே மனப்பாடம் செய்து, கேள்வியின் முதல் இரண்டு சொல்லைப் பார்த்ததும் விடையைக் கொட்டிவிடும். புதிதாக ஒரு பத்தியைக் கையில் கொடுத்தால்தான் வண்டவாளம் தெரியும். எட்டாம் வகுப்பு வரை யாரையும் நிறுத்திவைப்பதும் இல்லை. ஆகவே ஒன்பதாம் வகுப்புப் புத்தகம் கைக்கு வரும் வரை அந்தப் பிள்ளையைப் பற்றி யாருக்கும் தெரியாமல் போய்விடலாம்.

நேரக் கணக்கு போட்டுப் பாருங்கள். 34 பேருக்கு ஆளுக்கு 5 நிமிடம் என்றால் 170 நிமிடம். 40 நிமிடப் பாடவேளை நாலேகால். ஒரே வாரத்தில் முடிக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. தினம் நான்கு பேர் என்று வைத்துக்கொண்டால் இரண்டு வாரத்துக்குள் முடிந்துவிடும். அந்த 20 நிமிடமும் மற்ற பிள்ளைகள் நூலகப் புத்தகம் பார்க்கட்டும்.

13 ஜூன், இரவு

ஒன்று விட்டுப்போயிற்று. தனியாக என்றால் உண்மையிலேயே தனியாக. வகுப்புக்கு நடுவில் எழுப்பி நிறுத்தி வாசிக்கச் சொல்வது கணக்கில் வராது. பன்னிரண்டு வயதுப் பிள்ளை நண்பர்கள் முன்னால் தடுமாறுவதைவிட, "தொண்டை கட்டியிருக்கு சார்" என்று சொல்லி உட்காரவே விரும்பும். தாழ்வாரத்தில் ஒரு பெஞ்சு போதும். பக்கத்தில் உட்காருங்கள், எதிரில் வேண்டாம். எதிரில் உட்கார்ந்தால் விசாரணை மாதிரி ஆகிவிடுகிறது.

16 ஜூன் 2025

எதை வாசிக்கக் கொடுப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். தொடங்க ஏசர் தாள் நல்லது. பிரதம் என்ற கல்வித் தொண்டு அமைப்பு 2005 முதல் கிராமங்களில் வீடு வீடாகப் போய், பிள்ளைகளின் வாசிப்பைப் பார்க்கப் பயன்படுத்தும் தாள். ஒரே பக்கத்தில் எழுத்து, சொல், முதல் வகுப்பு அளவில் ஒரு பத்தி, இரண்டாம் வகுப்பு அளவில் ஒரு கதை என்று நான்கும் இருக்கும். தமிழிலும் உண்டு.

அதில் எனக்குப் பிடித்தது, எழுத்திலிருந்து தொடங்குவதில்லை. பத்தியிலிருந்து தொடங்குகிறார்கள். பத்தியைச் சரளமாக வாசித்தால் கதைக்குப் போகலாம். மூன்றுக்கு மேல் பிழை வந்தாலோ, அடிக்கடி நின்று நின்று வாசித்தாலோ, வாக்கியமாக இல்லாமல் தனித்தனிச் சொல்லாக உதிர்த்தாலோ சொல்லுக்கு இறங்க வேண்டும். ஐந்து சொல்லில் நான்கு சரியென்றால் சொல் நிலை. அப்போது பத்தியை இன்னொரு முறை வாசிக்க விடலாம். சொல்லும் வரவில்லை என்றால் ஐந்து எழுத்து, அதிலும் நான்கு சரியா என்று பார்க்க வேண்டும். சொல்லையும் எழுத்தையும் பிள்ளையே தேர்ந்தெடுக்கலாம். ஏழாம் வகுப்புப் பிள்ளையிடம் போய் முதலில் "அ, ஆ சொல்லு" என்றால் அது அவமானம். பத்தியில் தொடங்கினால் அந்தச் சங்கடம் இல்லை.

"பெரிய வகுப்பில் போய் இரண்டாம் வகுப்புக் கதையா?" என்று முகம் சுளிப்பவர்களுக்கு ஒரு எண். 2024 ஏசர் அறிக்கைப்படி, நாடு முழுவதும் கிராமப்புற அரசுப் பள்ளிகளின் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளில் அந்தக் கதையை வாசித்தவர்கள் 44.8 சதவீதம். எட்டாம் வகுப்பில் 67.5. மூன்றில் ஒரு பிள்ளை அதை வாசிக்காமலே எட்டாம் வகுப்பில் உட்கார்ந்திருக்கிறது.

17 ஜூன் 2025

நடப்புப் பாடநூலிலிருந்து பத்தி எடுக்காதீர்கள்! கூட்டமாகச் சேர்ந்து சத்தம்போட்டுப் படித்ததில் பாதிப் பிள்ளைகளுக்கு முதல் பாடங்கள் காதிலேயே பதிந்திருக்கும். கண் ஒரு வரியில் இருக்கும், வாய் அடுத்த வரியில் இருக்கும். கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு: அந்தப் பத்தியின் மூன்றாவது வரியை மட்டும் விரலால் காட்டி வாசிக்கச் சொல்லுங்கள். மனப்பாடம் என்றால் முதல் வரியிலிருந்து தொடங்காமல் அங்கே வர முடியாது.

பாடத்திட்டம் மாறுவதற்கு முந்தைய பழைய பாடநூல்கள் பீரோவில் கிடந்தால் எடுத்துவையுங்கள். மூன்று, ஐந்து, ஏழு வகுப்புகளுக்கு ஒவ்வொரு உரைநடைப் பத்தி போதும். ஸ்டோரிவீவர் தளத்திலும் தமிழ்க் கதைகள் நான்கு நிலைகளில் இலவசமாகக் கிடைக்கின்றன. முதல் நிலை சுமார் 250 சொல் வரை, நான்காவது 1,500க்கு மேல். நீளம்தான் அங்கே பெரிய அளவுகோல். ஆகவே நிலை எண்ணை மட்டும் நம்பாமல் நீங்களே ஒருமுறை வாசித்துப் பார்த்துவிடுங்கள். சின்னக் கதையில்கூடக் கடினமான சொற்கள் குவிந்திருக்கலாம்.

21 ஜூன் 2025

எது பிழை, எது பிழை இல்லை? இங்கேதான் ஒரே பிள்ளைக்கு இரண்டு ஆசிரியர்கள் இரண்டு நிலை போடுகிறார்கள்.

"இருக்கிறது" என்று அச்சில் இருக்கிறது, பிள்ளை "இருக்குது" என்கிறது. "போகிறான்" என்பதைப் "போறான்" என்கிறது. நான் இதைப் பிழையாக எண்ணுவதில்லை. எழுத்தைப் பார்த்து, பொருளைப் பிடித்து, தன் வாய்க்கு வந்த வடிவத்தில் அந்தப் பிள்ளை சொல்லியிருக்கிறது. வாசிப்பு நடந்திருக்கிறது. "போகிறான்" என்பதைப் "போனான்" என்று வாசித்தால் குறித்துக்கொள்வேன், காலம் மாறிவிட்டது. "பாகிறான்" என்று வாசித்தால் அது வேறு வகை: இரட்டைக்கொம்பு கண்ணில் படவில்லை, துணைக்கால் மட்டும் பட்டிருக்கிறது. அப்படி ஒரு சொல்லே இல்லை என்று நிற்கவும் இல்லை.

இந்த மூன்றையும் ஒரே சிவப்புக் கோடாகப் போட்டுவிட்டால் எதற்காகப் பக்கத்தில் உட்கார்ந்தோம்? பிள்ளை வாசித்ததை அப்படியே அந்தச் சொல்லின் மேல் எழுதுங்கள். தானாகத் திருத்திக்கொண்டால் "தி" என்று ஒரு குறி. அது பிழையே இல்லை, நல்ல அறிகுறி. தான் வாசிப்பதைத் தானே கேட்டுக்கொள்ளும் பிள்ளைதான் திரும்பிப் போகும்.

எத்தனை பிழை வரை பரவாயில்லை? அமெரிக்காவில் எம்மெட் பெட்ஸ் என்ற வாசிப்பு ஆய்வாளர் 1946இல் சொன்ன கணக்கு இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. நூறு சொல்லில் ஒன்றுக்கு மேல் பிழை இல்லையென்றால் பிள்ளை அந்த நூலைத் தனியாக வாசிக்கலாம். ஐந்து வரை என்றால் ஆசிரியர் துணையோடு. பத்தைத் தாண்டினால் அந்த நூல் இப்போதைக்கு வேண்டாம். ஆங்கிலத்துக்குச் சொன்னது. தோராயமாக எனக்குத் தமிழுக்கும் உதவுகிறது, ஆனால் எல்லைக்கோட்டில் நிற்கும் பிள்ளையை இந்த எண்ணை வைத்துத் தள்ளிவிட மாட்டேன்.

24 ஜூன் 2025

ல, ள, ழ பற்றிக் கேட்டவருக்கு. "பழம்" என்பதைப் "பளம்" என்று வாசிக்கும் பிள்ளைக்கு வீட்டிலும் தெருவிலும் அது பளம்தான். எங்கள் பக்கத்தில் சில பிள்ளைகள் "பயம்" என்றே சொல்வார்கள். வாசித்ததும் "அப்படின்னா என்ன?" என்று கேளுங்கள். "வாயப்பயம் சார்" என்று சொன்னால் வாசிப்பில் குறை இல்லை, உச்சரிப்புப் பயிற்சி தனி வேலை. "பள்ளி" என்பதைப் "பல்லி" என்று வாசித்து, சுவரில் ஓடும் பல்லி என்றே விளக்கினால் அது வாசிப்புப் பிழை. ர, ற விஷயத்திலும் இப்படியே.

உச்சரிப்புக்கு மதிப்பெண் குறைத்து நல்ல வாசகர்களைக் கீழ்க் குழுவில் போடுவதை நிறையப் பார்த்திருக்கிறேன். அந்தப் பிள்ளைகள் பெரும்பாலும் ஒரே தெருவிலிருந்து வருபவர்களாக இருப்பார்கள். இது எனக்குப் பொறுக்காத விஷயம்.

2 ஜூலை 2025

வேகம். நிமிடத்துக்கு எத்தனை சொல் என்று எண்ணச் சொல்கிறார்கள். மத்திய அரசின் நிபுண் பாரத் திட்டம் மூன்றாம் வகுப்பு முடிவில் நிமிடத்துக்கு 60 சொல் என்று இலக்கு வைத்தது. அமெரிக்காவில் ஐந்தாம் வகுப்பு முடிவில் நடுத்தர வாசகர் ஆங்கிலத்தில் 140க்கு மேல் வாசிக்கிறார். அந்தப் பட்டியலை யாரோ தமிழுக்கும் அச்சடித்துக் கொடுத்திருப்பதைப் பார்த்தேன். தயவுசெய்து அதைச் சுவரில் ஒட்டாதீர்கள்.

"வந்துகொண்டிருந்தவர்களிடம்" என்பது தமிழில் ஒரு சொல். ஆங்கிலத்தில் அதைச் சொல்ல ஐந்தாறு சொல் வேண்டும். அங்கே 140 என்பதும் இங்கே 140 என்பதும் ஒரே உழைப்பு இல்லை. தமிழ்ப் பத்திகளுக்குள்ளேயேகூட, "ஆடு வந்தது, புல் தின்றது" என்று போகிற பத்திக்கும், விகுதிகள் அடுக்கிய பத்திக்கும் சொல் எண்ணிக்கையை வைத்து ஒப்பிட முடியாது.

நான் செய்வது: ஜூனில் வாசித்த அதே பத்தியை, பிள்ளை அதை மறந்த பிறகு, அரையாண்டுக்கு முன்னால் மறுபடி கொடுக்கிறேன். அந்தப் பிள்ளையின் பழைய நேரத்தோடு மட்டும் ஒப்பிடுகிறேன். பக்கத்துப் பிள்ளையோடு ஒப்பிடுவதில்லை.

3 ஜூலை 2025

நேற்று எழுதியதோடு சேர்த்து: வேகம் முக்கியமே இல்லை என்று நான் சொல்லவில்லை. எழுத்துக்கூட்டி ஒரு வாக்கியத்தின் கடைசிச் சொல்லுக்கு வருவதற்குள் முதல் சொல் மறந்துவிடும் பிள்ளைக்கு வேகம்தான் பிரச்சினை. அவனிடம் பொருள் கேட்டுப் பயனில்லை. அதே வாக்கியத்தை நீங்கள் வாசித்துக் காட்டிப் பொருள் கேளுங்கள், டக்கென்று சொல்வான். அப்போது புரிந்துவிடும், எங்கே கை வைக்க வேண்டும் என்று.

ஆனால் கடிகாரத்தை மேசைமேல் வைக்காதீர்கள். நேரம் எடுக்கிறோம் என்று தெரிந்தால் புள்ளி, கமா எல்லாவற்றையும் விழுங்கிவிட்டு ஓடுவார்கள்.

19 ஜூலை 2025

ஏசர் தாளைப் பற்றி மேலே எழுதியதை நீட்ட வேண்டியிருக்கிறது. அந்தத் தாள் தரையைக் காட்டும், கூரையைக் காட்டாது. கதையை வாசித்துவிட்ட ஏழாம் வகுப்புப் பிள்ளை மூன்றாம் வகுப்பு அளவிலும் இருக்கலாம், பத்தாம் வகுப்பு அளவிலும் இருக்கலாம். "கதை நிலை, தேர்ச்சி" என்று எழுதி மூடிவிட்டால் உங்கள் வகுப்பில் பாதிப் பேரைப் பற்றி எதுவும் தெரியாது. அதற்குத்தான் மூன்று, ஐந்து, ஏழாம் வகுப்புப் பத்திகள். இந்த வயதில் சத்தமில்லாமலும் வாசிக்க விட வேண்டும். சத்தமாக வாசிக்கும்போது உச்சரிப்பிலேயே கவனம் போய்விடும் பிள்ளைகள் உண்டு. மனத்துக்குள் வாசித்தால் நன்றாகவே புரிந்துகொள்வார்கள்.

வாசித்து முடித்ததும் முதலில் கேள்வி கேட்காமல் "என்ன கதை, சொல்லு" என்று விட்டுவிடுங்கள். ஒரு பையன் ஒரு தட்டுத் தடங்கல் இல்லாமல் வாசித்தான். "என்ன கதைப்பா?" என்றேன். "தமிழ்க் கதை சார்!" என்றான். சிரித்துவிட்டேன், ஆனால் அவனுடைய வாசிப்பு நிலை அந்த இரண்டு சொல்லில் இருந்தது. கோஃப், டன்மர் என்ற இருவர் 1986இல் சொன்னது இதுதான்: எழுத்தைச் சொல்லாக மாற்றும் திறனும் மொழியைப் புரிந்துகொள்ளும் திறனும் கூட்டல் இல்லை, பெருக்கல். ஒன்று பூச்சியமானால் மொத்தமும் பூச்சியம். அவனுக்கு எழுத்து அட்டை எதற்கு? அவனோடு பேச வேண்டும், கதை சொல்ல வேண்டும், "அவர் ஏன் திரும்பிப் போனார்?" என்று கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

பத்தியில் நேராக இருப்பதை ஒரு கேள்வி, இரண்டு வரியைச் சேர்த்துப் பார்த்தால் கிடைப்பதை ஒரு கேள்வி, ஒரு சொல்லின் பொருளை இடம் பார்த்து ஊகிக்க ஒரு கேள்வி. வாய்மொழியாகவே போதும். எழுதச் சொன்னால் மறுபடி எழுத்துத் தேர்வு ஆகிவிடும்.

20 ஜூலை 2025

பத்தியின் விஷயமும் நிலையை மாற்றும். 1988இல் ரெக்ட், லெஸ்லி என்ற இரு ஆய்வாளர்கள் அமெரிக்காவில் 7, 8ஆம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பேஸ்பால் ஆட்டம் பற்றிய ஒரு பத்தியைக் கொடுத்தார்கள். வாசிப்பில் பின்தங்கியவர்கள் என்று பெயர் வாங்கியிருந்தாலும் ஆட்டம் தெரிந்த பிள்ளைகள், ஆட்டம் தெரியாத நல்ல வாசகர்களைவிட நன்றாக நினைவில் வைத்திருந்தார்கள். நம் ஊரில் ஆடு மேய்க்கும் வீட்டுப் பிள்ளைக்கு விமான நிலையம் பற்றிய பத்தியைக் கொடுத்து, வாசிக்கத் தெரியவில்லை என்று எழுதுவது நியாயமா? குறைந்தது இரண்டு பத்தி, இரண்டு வேறு விஷயங்களில். ஒன்றாவது அவர்களுக்குப் பழகிய உலகத்திலிருந்து வர வேண்டும்.

9 ஆகஸ்ட் 2025

நிலை போடுவதற்கு முன்னால் கண்ணைப் பாருங்கள். தாளை மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோகிறதா, வரியைத் தவறவிடுகிறதா, தலையைச் சாய்க்கிறதா. அரசின் கண்ணொளி காப்போம் திட்டத்தில் பரிசோதனையும் கண்ணாடியும் இலவசம். கண்ணாடி வாங்கிய பிள்ளைகள் அதைப் பையிலேயே வைத்திருப்பார்கள், கேலிக்குப் பயந்து. வாசிக்கும்போதாவது போடச் சொல்லுங்கள்.

எவ்வளவு பயிற்சி கொடுத்தும் அதே இடத்தில் எழுத்து தலைகீழாகும், சொல்லின் நடு எழுத்து தொலையும், ஆனால் பேச்சில் படு சூட்டிகை என்று ஒரு பிள்ளை இருந்தால், நாமே பெயர் வைத்துவிடாமல் வட்டார வள மையத்தின் சிறப்புப் பயிற்றுநரிடம் காட்டுங்கள். உங்கள் ஜூன் மாதக் குறிப்புத் தாள் அவருக்கு மிகவும் உதவும்.

செங்கல் சூளைக்கு வேலைக்கு வந்த ஒடிசாக் குடும்பத்துப் பிள்ளையைப் பற்றிக் கேட்டீர்கள். தமிழ்த் தாளில் எழுத்து நிலை என்று வந்தால் அது அவளுடைய தமிழின் நிலைதான். ஒடியாவில் வாசிப்பாளா என்று பாருங்கள். அம்மாவோ அக்காவோ உதவுவார்கள், கைபேசியில் ஒரு ஒடியாக் கதையும் கிடைக்கும். அதில் சரளமாக வாசித்தால் அவளுக்கு வாசிப்பு என்றால் என்ன என்று ஏற்கெனவே தெரியும். புதிய எழுத்தும் புதிய மொழியும் மட்டும்தான் தேவை. இரண்டிலும் வரவில்லை என்றால் அது வேறு கதை, தொடங்க வேண்டிய இடமும் வேறு.

10 ஆகஸ்ட் 2025

குழுப் பெயர். எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று வைத்தது சின்னப் பிள்ளைகளுக்கு அழகாகப் பொருந்துகிறது. மீசை அரும்பும் வயதுப் பையனை அரும்புக் குழுவில் உட்காரச் சொன்னால் அவன் மறுநாள் பள்ளிக்கே வர மாட்டான். 2023இல் வந்த வாசிப்பு இயக்கத்தில் நுழை, நட, ஓடு, பற என்று நிலைப் பெயர் புத்தகத்துக்கு வைத்திருந்தார்கள். எனக்கு அந்த வழி பிடித்திருக்கிறது. நிலை புத்தகத்தின் மேல் இருக்கட்டும், பிள்ளையின் நெற்றியில் வேண்டாம். இன்று 'நட' எடுத்தவன் நாளை 'ஓடு' எடுத்துப் பார்க்கலாம், கஷ்டமாக இருந்தால் திருப்பி வைக்கலாம்.

இந்த ஆண்டு 6 முதல் 9 வரை அரசுப் பள்ளிகளில் 'திறன்' பயிற்சியும் வந்திருக்கிறது, அதற்கும் ஒரு அடிப்படை மதிப்பீடு உண்டு. அதையும் பயன்படுத்துங்கள். அந்தத் தாளிலிருந்து யார் பின்தங்கியிருக்கிறார் என்பது தெரியும். எதனால் என்பதற்கு அந்தப் பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்துதான் ஆக வேண்டும்.

6 செப்டம்பர் 2025

"எல்லாரையும் கேட்டு முடித்துவிட்டேன், தாள்கள் குவிந்திருக்கின்றன, இனி என்ன?" என்று எழுதியிருக்கிறீர்கள். மிகவும் மகிழ்ச்சி டீச்சர். ஒரு நோட்டில் பிள்ளைக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள். நிலையின் பெயரை எழுதுவதைவிட, எங்கே தடுக்கிறது, அடுத்து என்ன செய்யப்போகிறேன் என்ற இரண்டையும் எழுதுங்கள். உதாரணத்துக்கு என் நோட்டிலிருந்து, பெயர் இல்லாமல்:

"ஐந்தாம் வகுப்புப் பத்தி. பிழை குறைவு. நான்கு எழுத்துக்கு மேல் நீளும் சொற்களில் விகுதியை விட்டுவிடுகிறாள், 'மரங்களுக்கு' என்பதை 'மரங்கள்' என்கிறாள். கதையைத் திருப்பிச் சொல்கிறாள், ஆனால் யார் யாருக்குக் கொடுத்தார்கள் என்பது குழம்புகிறது. விகுதிகளைப் பிரித்து வாசிக்கும் பயிற்சி. 'ஓடு' நிலைப் புத்தகம், வாரம் ஒன்று. அடுத்து கேட்பது தீபாவளி விடுமுறைக்குப் பின்."

மேலேயிருக்கும் 34 பேரில் இப்படி நெருக்கமாகக் கவனிக்க வேண்டியவர்கள் எட்டுப் பத்துப் பேருக்கு மேல் இருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன். அவர்களை மாதம் ஒருமுறை கேளுங்கள். மற்றவர்களைப் பருவத்துக்கு ஒருமுறை கேட்டால் போதும். நன்றாக வாசிக்கும் பிள்ளைகளை விட்டுவிடாதீர்கள், அவர்களுக்கும் இன்னும் கொஞ்சம் கடினமான புத்தகம் தேவை.

8 செப்டம்பர் 2025

அந்த நோட்டைப் பெற்றோரிடம் காட்டலாமா என்ற கேள்விக்கு: காட்டலாம். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் எல்லார் முன்னிலையிலும் மட்டும் வேண்டாம். அம்மா தனியாக வரும்போது, பிள்ளையையே ஜூன் மாதப் பத்தியையும் இப்போதைய பத்தியையும் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். எண்ணைச் சொன்னால் "நல்லா அடிங்க சார்" என்பார்கள். வாசித்துக் கேட்டால் வீட்டில் என்ன புத்தகம் வைக்கலாம் என்று கேட்பார்கள்.

எட்டாம் வகுப்பு முடித்து உயர்நிலைப் பள்ளிக்குப் போகும் பிள்ளைகளின் பக்கங்களை ஜெராக்ஸ் எடுத்து மாற்றுச் சான்றிதழோடு அந்தப் பள்ளித் தமிழாசிரியருக்கு அனுப்பிவிடுங்கள். நான் அனுப்பியவற்றுக்கு இரண்டு பேர் போன் செய்து மேலும் விவரம் கேட்டார்கள்.